எழுத்து தெரிகிறது, படிக்கட்டு தெரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. தேனி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில், தமிழ் வழியில் 8-ஆம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாகவே பொழுது சாய்ந்தால் தடுமாறுவாள். சத்துக் குறைவு என்று நினைத்துக் கீரையும் கேரட்டுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த வருடம் மதுரையில் காட்டியபோது ரெடினைடிஸ் பிக்மென்டோசா என்றும், பார்வை படிப்படியாகக் குறையும், மருந்து இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். பள்ளியில் உதவி கேட்டால், “40 சதவீதச் சான்றிதழ் கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம்” என்கிறார் தலைமை ஆசிரியை. சான்றிதழ் தரும் மருத்துவ முகாமுக்குப் போனால், “எழுத்தெல்லாம் வாசிக்கிறாளே, சதவீதம் வராது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர்டில் எழுதுவதை வரி விட்டு வரி எழுதுகிறாள் என்று கணக்கு டீச்சர் திட்டுகிறார், நடிக்கிறாள் என்கிறார். போன மாதம் பள்ளிப் படிக்கட்டில் விழுந்து முழங்கை பிசகிவிட்டது. சான்றிதழே வேண்டாம், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது தடையாகிவிடும் என்கிறார் அவள் அப்பா. பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்துவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் என் அத்தை மகனைத்தான் கட்டினேன். அதனால்தான் இப்படி ஆனதா? அவளுக்கு 9 வயதில் ஒரு தம்பியும் இருக்கிறான். பள்ளியில் நான் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய மருத்துவச் சீட்டின் படத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கூர்மை 6/9 என்று இருக்கிறது, அதாவது மற்றவர்கள் 9 மீட்டரில் வாசிக்கும் எழுத்தை அவள் 6 மீட்டரில் வாசிக்கிறாள். நோயின் பெயர் இருக்கிறது, விழித்திரையைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. பார்வைப் பரப்பு, அதாவது நேராகப் பார்த்தபடி சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பது, எத்தனை டிகிரி என்ற ஒரு வரியைத்தான் காணோம். முகாமில் திருப்பி அனுப்பியது, தலைமை ஆசிரியை கைவிரித்தது, கணக்கு டீச்சர் நடிப்பு என்று சொன்னது, மூன்றுமே அந்த ஒரு வரி இல்லாததால் வந்த வினை என்றுதான் எனக்குப் படுகிறது.

சுவரில் மாட்டிய எழுத்து அட்டை நேர் நடுவில் இருக்கும் கூர்மையை மட்டும்தான் அளக்கும். உங்கள் மகளுக்கு வந்திருக்கும் நோய் பெரும்பாலும் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருவது. முதலில் இருட்டில் பார்க்கும் சக்தி போகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கும், நடுப்பார்வை பலருக்குப் பல வருடம் தாக்குப்பிடிக்கும். தரையில் விழுந்த குண்டூசியை எடுத்துக் கொடுக்கிற பிள்ளை வாசலில் இருக்கிற வாளியில் போய் இடித்துக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பாகத்தான் தெரியும். குண்டூசி அவளுடைய பார்வை வட்டத்துக்குள் விழுந்தது, வாளி அதற்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான் விஷயம். போர்டில் வரி தவறுவதற்கும் இதேதான் காரணம். நோட்டுக்குக் குனிந்து நிமிர்ந்தால் விட்ட இடத்தை அவள் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். நமக்கு ஓரக்கண் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது, அவளுக்கு அது இல்லை.

அதனால் முதல் வேலை, பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட். மதுரையிலேயே செய்துகொள்ளலாம். கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்த்தபடி, அங்கங்கே சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். பிள்ளைகள் பதற்றத்தில் வெளிச்சத்தைத் தேடிக் கண்ணை ஓட்டிவிடுவார்கள், முடிவு தப்பாகிவிடும். இது பரீட்சை இல்லை, தெரியாவிட்டால் அமுக்காமல் இருப்பதுதான் சரி என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். காலையில் களைப்பில்லாமல் இருக்கும்போது செய்வது நல்லது. முடிவு வந்ததும், இரண்டு கண்ணிலும் பார்வைப் பரப்பு எத்தனை டிகிரி என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வரைபடத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், அதைப் படித்துப் பார்க்க முகாமில் யாருக்கும் நேரம் இருக்காது.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் அட்டவணையில் குறைபார்வைக்கு இரண்டு அளவுகோல் உண்டு. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் கூர்மை 6/18-ஐத் தாண்டாமல் இருப்பது ஒன்று. பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே போவது இன்னொன்று. இரண்டில் ஒன்று இருந்தால் போதும். 10 டிகிரிக்கும் கீழே போய்விட்டால், எழுத்து எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சட்டப்படி அது பார்வையின்மை. சதவீதம் போடும் வழிகாட்டுதலிலும், 40 டிகிரிக்குக் குறைந்த பரப்புக்கு 40 சதவீதத்திலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. ஆக, “எழுத்து வாசிக்கிறாளே” என்பதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகாமில் வாயால்தானே சொல்லி அனுப்பினார்கள்? அது மறுப்பாகாது. ஃபீல்டு டெஸ்ட் அறிக்கையோடு இ-சேவை மையத்தில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போட்டு, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அவர்கள் சொல்லும் இடத்திலோ கண் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். அப்போதும் மறுத்தால், காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். எழுத்தில் இருந்தால் அந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அவளுடைய பார்வை மாறிக்கொண்டே போகும் என்பதால் சான்றிதழைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. மறுமதிப்பீட்டுத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், போதும்.

அட்டை வரும்வரை பள்ளி சும்மா இருக்கலாமா? கூடாது. தலைமை ஆசிரியை சொன்ன 40 சதவீதம் உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் பொருந்தும். வகுப்பறைக்குள் பிள்ளைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிற 16-ஆம் பிரிவில் சதவீதமே கிடையாது. அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் அது பொருந்தும். தேர்வு விஷயத்திலும், 40 சதவீதத்துக்குக் குறைவு என்பதற்காக சொல்வதை எழுதும் எழுத்தரின் உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் முதல் நாளே தலைமை ஆசிரியையின் மேஜையில் கொட்ட வேண்டாம். அவர் உங்கள் மகளோடு இன்னும் நான்கு வருடம் இருக்கப்போகிறவர். சட்டம் உங்கள் பையில் இருக்கட்டும்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். வாசலில் நின்று சொல்வது அடுத்த மணி அடிப்பதற்குள் மறந்துவிடும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

“மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். 8-ஆம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ரெடினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் இருப்பது உறுதியாகியுள்ளது. மருத்துவ அறிக்கை நகல் இணைத்துள்ளேன். அவளுக்கு நேராக உள்ளது நன்றாகத் தெரியும். பக்கவாட்டிலும் கால் பக்கத்திலும் இருப்பது தெரியாது. வெளிச்சம் குறைந்த இடத்திலும், வெயிலிலிருந்து உள்ளே வந்தவுடனும் சற்று நேரம் எதுவும் தெரியாது. இது நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் மாறும். எனவே கீழ்க்கண்ட உதவிகளை அவளுக்குச் செய்து தருமாறும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநருக்குத் தகவல் தந்து, எமிஸ் பதிவில் அவளைச் சிறப்புத் தேவையுள்ள மாணவியாகச் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இது குறித்துப் பேச அவளுடைய ஆசிரியர்களைச் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எமிஸ் என்கிற கல்வித் துறையின் இணையப் பதிவு பற்றிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பள்ளியின் பதிவில் அவள் சாதாரண மாணவியாகவே இருக்கும்வரை, வட்டார வள மையத்தின் கணக்கில் அவள் இல்லவே இல்லை. பதிவு ஏறினால்தான் சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநரின் வருகை, உபகரண முகாம், பெண் குழந்தைகளுக்கான மாத ஊக்கத்தொகை எல்லாம் அவள் பெயருக்கு வரும்.

“கீழ்க்கண்ட உதவிகள்” என்ற இடத்தில் என்ன எழுதுவது? இங்கேதான் நல்ல மனசோடு செய்கிற ஆசிரியர்களும் சறுக்குகிறார்கள். பார்வை குறைவு என்றதும் முதல் பெஞ்சில் உட்கார வைப்பார்கள், பெரிய எழுத்தில் அச்சடித்துத் தருவார்கள். பல பிள்ளைகளுக்கு அது சரி. உங்கள் மகளுக்கு இரண்டுமே தப்பாகப் போகலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவளுடைய பரப்பு 20 டிகிரி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். போர்டிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் ஒரு நேரத்தில் சுமார் 70 சென்டிமீட்டர் அகலம்தான் தெரியும். 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 1.75 மீட்டர் தெரியும். கூர்மை 6/9 இருப்பதால் அங்கிருந்தும் எழுத்தைப் படித்துவிடுவாள். ஆகவே நடு வரிசையில், போர்டுக்கு நேராக, மூன்றாவது நான்காவது பெஞ்ச் அவளுக்கு முதல் பெஞ்சை விட நல்லதாக இருக்கலாம். பெரிய எழுத்தும் அப்படித்தான். எழுத்து பெரிதாகப் பெரிதாக வட்டத்துக்குள் அடங்கும் எழுத்து குறையும், வாசிப்பு திக்கும். அவளுக்கு வேண்டியது அளவு இல்லை, அழுத்தம். நீல மைக்குப் பதில் கறுப்பு மை, மங்கலான நகலுக்குப் பதில் பளிச்சென்ற நகல், தடித்த கோடு போட்ட நோட்டு. வரி தவறாமல் இருக்க, கறுப்பு அட்டையில் ஒரு வரி அகலத்துக்குச் சன்னல் வெட்டிப் புத்தகத்தின் மேல் நகர்த்தச் சொல்லுங்கள். பழைய பரீட்சை அட்டை ஒன்றும் பிளேடும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். எந்த பெஞ்ச், எந்த அளவு எழுத்து என்பதை நானோ நீங்களோ முடிவு செய்ய வேண்டாம். ஒரு சனிக்கிழமை வகுப்பு காலியாக இருக்கும்போது அவளை ஒவ்வொரு பெஞ்சாக உட்கார வைத்து அவளையே கேளுங்கள். மதுரையில் காட்டிய மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். கண்கூச்சத்துக்கான நிறக்கண்ணாடி, படிக்கும் விளக்கு பற்றியெல்லாம் அங்கே சோதித்துச் சொல்வார்கள்.

சன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். ஆசிரியர்கள் போர்டில் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுத வேண்டும். இதற்குக் காசும் இல்லை, ஆணையும் தேவையில்லை, மொத்த வகுப்புக்கும் நல்லது. எழுதி முடிக்காததை யாராவது ஒரு தோழியின் நோட்டிலிருந்து நகல் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். போர்டைப் பார்த்து எழுதும் வேகத்துக்கு மதிப்பெண்ணோ திட்டோ இருக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம் படிக்கட்டு. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட் ஒரு பட்டை. ஒரு டப்பா பெயின்ட்டில் முடிகிற வேலை. பள்ளி இழுத்தடித்தால் முன்னாள் மாணவிகள் யாரையாவது கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்துவிட்டுப் போவார்கள். பெஞ்சுகளுக்கு நடுவே பைகளை வைக்காமல் உள்ளே தள்ளி வைப்பது, கதவை முழுசாகத் திறந்தோ முழுசாக மூடியோ வைப்பது, கழிப்பறையில் ஒரு விளக்கு. பாதி திறந்த கதவு இந்தப் பிள்ளைகளின் நெற்றிக்கென்றே நிற்கும். விளையாட்டுப் பீரியடில் பந்து பக்கத்திலிருந்து வரும் ஆட்டங்கள் வேண்டாம். அதற்காக அவளை ஓரமாக உட்கார வைத்து எல்லோருடைய தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் போடவும் வேண்டாம். ஓட்டம், நீளம் தாண்டுதல், யோகா எல்லாம் செய்யலாம்.

மாலை சிறப்பு வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 9, 10 வந்துவிட்டால் நம் பள்ளிகளில் அது இல்லாமல் இருக்காது. மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வகுப்பு முடிந்து இருட்டில் பஸ் ஏறுவது அவளுக்கு ஆபத்து. அந்த வகுப்பைக் காலையில் வைக்கவோ, அவளை வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பிவிட்டுப் பாடக் குறிப்பைக் கொடுத்துவிடவோ இப்போதே கேட்டு வையுங்கள். 10-ஆம் வகுப்பு ஜூனில் போய்க் கேட்டால், “இத்தனை நாள் இருந்தாளே” என்பார்கள்.

ஆசிரியர்களைச் சந்திக்கப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நோட்டுத் தாளைப் பாதியாகக் கிழித்து, எலுமிச்சம்பழம் நுழைகிற அகலத்துக்குக் குழலாகச் சுருட்டி ஒட்டுங்கள். ஆளுக்கு இரண்டு. கண்ணில் வைத்துக்கொண்டு போர்டிலிருந்து இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், பிறகு அறைக்குள் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். அவளுடைய பார்வை அச்சு அசலாக அப்படி இருக்கும் என்பதில்லை. ஆனால் கணக்கு டீச்சரிடம் நான் எவ்வளவு பேசினாலும் புரியாதது அந்த நாலு அடியில் புரிந்துவிடும். அவரைக் குற்றவாளியாக்காதீர்கள், யாரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. மகளையும் கூடவே உட்கார வையுங்கள். 13 வயதுப் பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு அவளைப் பற்றி எட்டுப் பேர் பேசுவது எனக்குப் பிடிக்காத விஷயம். எந்தத் தோழியிடம் சொல்லலாம், வகுப்பில் எல்லோருக்கும் சொல்லலாமா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

தேர்வுச் சலுகைகளைப் பொறுத்தவரை, 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு உண்டு. பள்ளி மூலமாக, மருத்துவச் சான்றோடு, தேர்வுத் துறை சொல்லும் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இன்றைய நிலையில் எழுத்தரை விடக் கூடுதல் நேரம்தான் முக்கியம் என்பேன். அதை 8-ஆம் வகுப்புத் தேர்வுகளிலேயே கேட்டு வாங்கிப் பழக்குங்கள். எழுத்தரை வைத்து எழுதுவது தனி வித்தை. கணக்கில் ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லி, அவர் எழுதியதை மனசில் பிடித்துக்கொள்ள வேண்டும். 9-ஆம் வகுப்பில் வீட்டில் தம்பியை உட்கார வைத்துக்கூடச் சொல்லிப் பழகலாம். மொழிப்பாட விலக்கு சும்மா கிடைக்கிறது என்பதற்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலம் அவளுக்குப் பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. பிரெய்ல். பார்வை இருக்கும்போது எதற்கு என்று வீட்டில் அழுகை வரும், எனக்குத் தெரியும். என் துறையிலேயே சிலர் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். படிப்படியாகக் குறையும் என்று உறுதியாகத் தெரிந்த நோயில் அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. பிளஸ் டூ நடுவில் அச்சு கைவிட்டால், பாடத்தையும் பிரெய்லையும் ஒரே நேரத்தில் கற்க முடியாது. இப்போது என்றால் அவளுக்கு அவசரம் கிடையாது. தினமும் அரை மணி நேரம், விடுமுறையில் கொஞ்சம் கூட. ஆறு புள்ளிதான் அடிப்படை, தமிழுக்கு பாரதி பிரெய்ல் முறை இருக்கிறது. பிரெய்ல் எழுதும் சட்டகத்தில் தாளை வைத்துக் குத்தும்போது வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது ரகசிய எழுத்து மாதிரி, பிடித்துவிடும். புத்தகம் வழக்கம்போல அச்சிலேயே தொடரட்டும். கூடவே விசைப்பலகையைப் பார்க்காமல் தமிழ்99-இல் தட்டச்சு செய்யவும், உங்கள் கைபேசியிலேயே இருக்கும், திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் டாக்பேக் வசதியைப் பயன்படுத்தவும் பழக்குங்கள். கணினி கிடைத்தால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தாலும் எல்லா பிடிஎஃப் கோப்பையும் அது ஒழுங்காக வாசித்துவிடாது. ஒரு பாடத்தைத் திறந்து சோதித்துவிட்டு, சரிவராததை சுகம்ய புஸ்தகாலயா என்ற மின்நூலகத்தில் தேடச் சொல்லுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே 2016-இல் தொடங்கியது அது.

வெள்ளைக் கோலும் இதே கணக்குதான். மாலையிலும் தெரியாத இடத்திலும் மட்டும் அவள் பயன்படுத்தலாம், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் கோல் இருக்கிறது. கோலோடு நடமாட்டப் பயிற்சியும் வேண்டும், சும்மா வாங்கிக் கையில் கொடுத்தால் மூலையில்தான் நிற்கும். சிறப்புப் பயிற்றுநரிடம் பிரெய்ல், நடமாட்டப் பயிற்சி இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிலர் மனவளர்ச்சிக் குறைபாட்டில் பயிற்சி பெற்றவர்களாக இருப்பார்கள். பிரெய்ல் தெரிந்தவர் எந்த வட்டாரத்தில் இருக்கிறார் என்று மாவட்டத் திட்ட அலுவலகத்தில் விசாரித்து, மாதம் சில நாளாவது அனுப்பக் கேட்கலாம்.

பார்வையற்றோர் பள்ளி பற்றிச் சொந்தக்காரர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம், பயந்து ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். 6 முதல் 18 வயதுவரை, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு, அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு. தேர்வு உங்களுடையது, பள்ளி உங்களைத் தள்ளிவிட முடியாது. பாளையங்கோட்டையில் 1890-இலிருந்து நடக்கும் பள்ளி, பூந்தமல்லி, திருச்சி அரசுப் பள்ளிகள் எல்லாம் எத்தனையோ பட்டதாரிகளை உருவாக்கியவை. ஆனால் 6/9 கூர்மையோடு, தோழிகளோடு, வீட்டிலிருந்து போய்வரும் பெண்ணை இந்த வருடம் விடுதிக்கு அனுப்ப நான் ஒரு காரணமும் காணவில்லை. மதுரை சுந்தரராஜன்பட்டியில் இருக்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் உங்களுக்குத் தூரமில்லை. ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். விடுமுறையில் பயிற்சி ஏதாவது கிடைக்குமா என்று கேளுங்கள். வேகமாகத் திரைவாசிப்பானை ஓட்டுகிற ஓர் அக்காவை அவள் நேரில் பார்ப்பது, நான் எழுதும் நூறு பக்கத்தை விடப் பயன்படும்.

அவள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். யுடிஐடி அட்டை பீரோவுக்குள் இருக்கும், நெற்றியில் ஒட்டுவதில்லை. அதை வைத்துக் கல்வி உதவித்தொகை, 9-ஆம் வகுப்பிலிருந்து வாசிப்பாளர் உதவித்தொகை, உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, அதில் பார்வைக் குறைபாட்டுக்கென்று 1 சதவீதம். உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். கல்யாணத்தைப் பொறுத்தவரை, மறைத்துக் கட்டிக்கொடுத்த பிறகு தெரியவருவதைப் போல ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை. அது பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வரும் பேச்சு. முழங்கை பிசகியது போன மாதம்.

பள்ளி பதிலே சொல்லவில்லை என்றால்? ஒரு மாதம் பொறுத்து, அந்தக் கையெழுத்து வாங்கிய பிரதியோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள், அடுத்து முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம், அதற்கு ரசீது எண் கிடைக்கும். எல்லாம் நின்றுபோனால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார், தபாலிலேயே புகார் அனுப்பலாம். என் அனுபவத்தில் இந்த மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் மாவட்டத்தைத் தாண்டிப் போவதில்லை.

மூலிகைச் சொட்டு, ஸ்டெம் செல் ஊசி, கண் நரம்பு மசாஜ் என்று யூடியூபில் வருவதை நம்பிப் பணத்தை விடாதீர்கள். ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு மரபணு சிகிச்சைக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் மகளுக்கு எந்த மரபணு என்று தெரிந்தால்தான் அந்தப் பேச்சே. மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

அத்தை மகனைக் கட்டியதாலா என்று கேட்டிருந்தீர்கள். இந்த நோயின் பல வகைகளில் அப்பா, அம்மா இருவரிடமும் அந்த மரபணு மறைந்து இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். நெருங்கிய உறவில் அதற்கு வாய்ப்பு கூடுதல், உண்மைதான். உறவே இல்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் வருகிறது. உங்கள் இருவருக்குமே தெரிந்து நடந்தது எதுவும் இல்லை. ஆனால் இதனால் தம்பியைக் காட்டாமல் விடக் கூடாது. அந்த வகையாக இருந்தால் அவனுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஃபீல்டு டெஸ்டுக்கு மதுரை போகும்போது அவனையும் கூட்டிப்போங்கள். இருட்டில் அவன் எப்படி நடக்கிறான், சினிமா தியேட்டருக்குள் தட்டுத் தடுமாறுகிறானா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். அன்று முழுக்க இரண்டு பேருக்கும் வெயில் கூசும், வெளிச்சம் தாங்காது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நிழல் பக்கமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள், வீட்டுப்பாடம் மறுநாள் செய்துகொள்ளட்டும்.